திருச்சி மலைக்கோட்டை: ஏறும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே கேட்பது "மலைக்கோட்டைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்றுதான். ஒரு மணி நேரம் என்று சொன்னால் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார்கள். மூச்சு வாங்க ஏறி, உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, காவிரியை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி நாலு செல்ஃபி, அதே வேகத்தில் இறக்கம். வழியில் இடது கைப்பக்கம் பாறையைக் குடைந்தே செய்த 1,400 வருடத்துக் குடைவரைக் கோயில் ஒன்று இருந்ததே, பார்த்தீர்களா என்று கேட்டால் "அப்படியா?" என்பார்கள். வருடக்கணக்காக இந்த "அப்படியா"வைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். வழக்கமாக வரும் கேள்விகள் எல்லாம் இருக்கின்றன, யாரும் கேட்காத ஆனால் கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் நானே சேர்த்திருக்கிறேன்.

இது கோயிலா, கோட்டையா?

இரண்டும். ஊருக்கு நடுவே சுமார் 83 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை நிற்கிறது. அதன் அடியில் மாணிக்க விநாயகர், நடுவில் மட்டுவார்குழலம்மை உடனுறை தாயுமானவர், உச்சியில் உச்சிப் பிள்ளையார். கோட்டை என்ற பெயர் நாயக்கர் காலத்தில் பாறையைச் சுற்றி எழுந்த மதிலால் வந்தது. மதுரை நாயக்கர்கள் கொஞ்ச காலம் தலைநகரையே இங்கே வைத்திருந்தார்கள், பிறகு சந்தா சாகிப், ஆர்க்காட்டு நவாப், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஆளாளுக்கு இந்தப் பாறைக்காக அடித்துக்கொண்டார்கள். 1751, 52 முற்றுகை பள்ளிக்கூடப் பாடத்தில் வரும். மதிலில் இன்று பெரும்பகுதி இல்லை. மெயின்கார்டு கேட் என்று பஸ் கண்டக்டர் கூவுகிறாரே, அது உண்மையிலேயே கோட்டையின் வாசல்தான், தினமும் அதைக் கடப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

எத்தனை படி?

344 என்பார் ஒருவர், 417 என்பார் இன்னொருவர், 437 என்று பலகையில் பார்த்ததாகச் சத்தியம் செய்பவரும் உண்டு. எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறீர்கள், தாயுமானவர் சன்னதிக்குப் பிரியும் படிகளைச் சேர்க்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாறும் சமாச்சாரம் இது. நானூறு சொச்சம் என்று மனதில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். சின்ன வயதில் நானும் தம்பியும் எண்ணிக்கொண்டே ஏறுவோம், ஒரு தடவைகூட இருவர் கணக்கும் ஒத்துப்போனதில்லை.

முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகலாமா? லிஃப்ட், ரோப் கார் ஏதாவது?

ரோப் கார் பேச்சு அவ்வப்போது வரும், போகும். ஏறுவது காலால்தான். ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பெரும்பகுதிப் படிகள் பாறையைக் குடைந்து சுரங்கம் மாதிரி போகின்றன, மேலே கூரை உண்டு, வெயில் விழாது. இரண்டு பக்கச் சுவரிலும் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்திருப்பார்கள். நடுநடுவே சமதளம் வரும், உட்கார்ந்து எழுந்து போகலாம். என் பெரியம்மா எழுபது தாண்டியும் ஏறினார். "அடுத்த வளைவு வரைக்கும்தான்" என்று ஒவ்வொரு வளைவிலும் அவரிடம் பொய் சொல்லிக்கொண்டே கூட்டிப்போனோம், தாயுமானவர் சன்னதி வரைக்கும் வந்து "போதும்ப்பா, பிள்ளையாரை நீங்க பார்த்துட்டு வாங்க" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதுவும் நல்ல யோசனைதான், மலையின் மூலக்கோயிலே அதுதானே. இதய நோய், மூச்சிரைப்பு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு திரும்பிவிட்டால் ஒன்றும் குறைவில்லை.

எந்த நேரம், எந்த மாதம்?

காலை 6 மணிக்குத் திறந்ததும் போவது உத்தமம். அதைவிட்டால் மாலை நாலரைக்கு மேல். தாயுமானவர் சன்னதி மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தி நாலு மணி வாக்கில்தான் திறக்கும், இரவு 8 மணியோடு எல்லாம் முடிந்துவிடும். விசேஷ நாட்களில் இந்த நேரங்கள் முன்னே பின்னே ஆகும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சுகம். சித்திரை, வைகாசியில் திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மதியத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உச்சிக்குப் போகும் கடைசிப் படிகளுக்குக் கூரை இல்லை, வெறும் பாறை, வெறும் கால். நண்பர் ஒருவர் மே மாதம் பகல் ஒரு மணிக்கு அந்த இடத்தை ஓடிக் கடக்கலாம் என்று நினைத்தார். பாதியில் கைக்குட்டையைக் கீழே போட்டு அதன்மேல் நின்றுகொண்டு, முன்னால் போகவும் முடியாமல் பின்னால் வரவும் முடியாமல் அவர் பட்ட பாடு இருக்கிறதே. நடைபாதையில் வெள்ளை அடித்த பகுதி இருந்தால் அதிலேயே நடங்கள், சூடு கொஞ்சம் குறைவு. காலுறை அனுமதித்தால் போட்டுக்கொள்வதும் தப்பில்லை.

வாசல் எங்கே இருக்கிறது? சுற்றிச் சுற்றி வந்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் மட்டும் இல்லை. பாறை ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், பக்கத்தில் போனால் மறைந்துவிடும். சின்னக்கடை வீதியில் ஜவுளி, பாத்திரம், வளையல் கடைகளுக்கு நடுவே இருக்கிறது நுழைவாயில், கடைக்குள் நுழைவது போலத்தான் கோயிலுக்குள் நுழைய வேண்டும். தெப்பக்குளம் வந்துவிட்டீர்களா, அப்படியென்றால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள், யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். மத்தியப் பேருந்து நிலையம், ஜங்ஷன் பக்கமிருந்து வந்தால் நாலைந்து கிலோமீட்டர், டவுன் பஸ் நிறைய. கார் கொண்டுவருகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பக்கம் வராதீர்கள். கடைவீதியே நகராது.

செருப்பு?

அடிவாரத்திலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். டோக்கனை அர்ச்சனைத் தட்டில் போடாதீர்கள், ஐயரிடம் போய்விடும். நடந்திருக்கிறது.

நீங்கள் சொல்லும் அந்தக் குடைவரை எங்கே?

தாயுமானவர் சன்னதிக்குப் பிரியும் இடத்தைத் தாண்டி உச்சியை நோக்கி ஏறும்போது இடது பக்கம். கவனிக்காமல் போனால் ஏதோ மண்டபம் என்று தோன்றும், கால் வலிக்கு உட்காரும் இடம் என்றே பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். தொல்லியல் துறையின் பலகை ஒன்று இருக்கும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்தது. அவன் பட்டப்பெயர்களில் ஒன்று லளிதாங்குரன், அதை வைத்து 'லளிதாங்குர பல்லவேசுவர கிருகம்' என்று பெயர்.

தெற்கு பார்த்த குடைவரை. முன்வரிசைத் தூண்களில் மேலும் கீழும் சதுரம், நடுவில் மட்டும் எட்டுப் பட்டை, சதுரங்களில் தாமரைப் பதக்கம். மகேந்திரன் தூண் என்றால் இதுதான் அடையாளம், ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு அவனுடைய மற்ற குடைவரைகள் இருக்கும் மாமண்டூரிலும் தளவானூரிலும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். உள்ளே கிழக்குச் சுவரில் கருவறை குடைந்திருக்கிறார்கள், இப்போது அங்கே பூஜை இல்லை. அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவரில்தான் இந்த மலையின் பொக்கிஷம், கங்காதரர், அதாவது கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன்.

காலை வெயில் ஏறும் நேரத்தில் போனால் மேற்குச் சுவருக்கு வெளிச்சம் நன்றாகக் கிடைக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் இன்னும் நல்லது. கம்பிக் கதவு பூட்டியிருந்தால் வெளியே நின்றபடிதான் பார்க்க வேண்டும், அப்போது இந்த வெளிச்சக் கணக்கு ரொம்ப உதவும்.

அந்தச் சிற்பத்தில் என்ன பார்ப்பது? எனக்குச் சிற்பம் பற்றி ஒன்றும் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. முதலில் சிவனின் வலது மேற்கையைப் பாருங்கள். சடையிலிருந்து ஒரு கற்றையை எடுத்து நீட்டியிருப்பார். அதற்கு மேலே பாருங்கள், பொம்மை அளவில் ஒரு பெண், கை குவித்தபடி இறங்கி வருகிறாள். அவள்தான் கங்கை. வானத்திலிருந்து பூமியைப் பிளக்கிற வேகத்தில் பாய்ந்து வந்த ஆறு, ஒரு மயிர்க்கற்றையைப் பார்த்ததும் கைகூப்பிய சின்னப் பெண்ணாகிவிட்டது. கதையைக் கல்லில் சொல்வது என்றால் இப்படிச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணைக் கீழே கொண்டுவாருங்கள். ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை ஒரு குள்ள பூதத்தின் மேல் வைத்திருக்கிறார். பக்கத்தில் மண்டியிட்ட அடியவர்கள், மேலே பறக்கும் உருவங்கள். யாருடைய முகத்திலும் பரபரப்பு இல்லை. இவ்வளவு பெரிய சம்பவம் நடக்கிறது, ஆனால் சிவன் நிற்கிற தோரணை வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்பவர் மாதிரி இருக்கும்.

மகேந்திரனின் குடைவரைகளில் பொதுவாக வாயிற்காவலர் உருவங்களைத் தவிரப் பெரிய சிற்பங்கள் கிடையாது. சுவரை வெறுமையாக விட்டுவிடுவான். அதனால்தான் இந்த ஒரு சிற்பப் பலகைக்கு இவ்வளவு மரியாதை. பின்னால் மாமல்லபுரத்தில் சுவர் சுவராகக் கதை சொன்னார்களே, அதற்கு முன்னோடிகளில் ஒன்று இங்கே, நம் ஊர்ப் படிக்கட்டு ஓரத்தில் இருக்கிறது. அதன்மேல் யாரோ பெயரைக் கிறுக்க ஆசைப்படுவதும், அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு சிப்ஸ் தின்பதும் இங்கேதான்.

சுற்றிலும் எழுத்து தெரிகிறதே, அது என்ன?

கங்காதரரின் இரு பக்கமும் உள்ள தூண்களில் இருப்பது பல்லவ கிரந்தம் என்ற, சமஸ்கிருதம் எழுத அன்று நம் பக்கத்தில் பயன்பட்ட எழுத்தில் சமஸ்கிருதச் செய்யுள்கள். சுவாரசியமான விஷயங்கள் இருக்கின்றன. சிவன் ஆறுகள் மேல் பிரியமுள்ளவர், காவிரியைப் பார்த்தால் அவள்மேலும் மனம் வைத்துவிடுவாரோ என்று பார்வதிக்குச் சந்தேகம் வந்து, தன் பிறந்தகத்தை விட்டு இந்த மலையில் வந்து இருந்துகொண்டு, "இவள் பல்லவனுக்குப் பிரியமானவள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். சோழ நாட்டு ஆற்றைத் தன் ஆறு என்று உரிமை கொண்டாட ராஜா கண்டுபிடித்த வழி இது. அரசியல், கவிதை, குறும்பு மூன்றும் ஒரே செய்யுளில்.

இன்னொரு செய்யுளில் குணபரன் என்ற பட்டப்பெயரோடு வரும் அரசன், மாற்று நெறியிலிருந்து விலகி லிங்கத்தின் வழி ஞானம் பரவட்டும் என்று சிலேடையாகச் சொல்கிறான். அவன் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்ததற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள், பெரிய புராணத்தில் அப்பரால் மனம் மாறும் அரசனுக்கும் குணபரன் என்ற பெயரே வருகிறது. அது வெறும் சிலேடைதான், இவ்வளவு பெரிய முடிவுக்குப் போக வேண்டாம் என்பவர்களும் உண்டு. சிவன் உருவத்தோடு தன் உருவத்தையும் அரசன் அமைத்ததாக ஒரு வரி வருவதால், கங்காதரரே அரசனின் சாயலில் செய்ததுதானோ என்றும் வாதம் நடக்கிறது. என் சொந்த அபிப்பிராயம், முகத்தைப் பார்த்தால் அப்படியும் இருக்கலாம் என்றுதான் தோன்றும். மகேந்திரன் அடக்கமான ஆள் இல்லை.

இதே குடைவரையில் தமிழும் உண்டு. வேம்பையர்கோன் நாராயணன் என்பவர் பாடிய சிராமலை அந்தாதி நூற்றுச் சொச்சம் பாட்டும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஓலையில் எழுதிய எத்தனையோ நூல்கள் கரையானுக்குப் போய்விட்டன, இது பாறையில் இருந்ததால் பிழைத்தது.

இவ்வளவு கெட்டியான பாறையை அந்தக் காலத்தில் எப்படிக் குடைந்தார்கள்?

உளி, சுத்தியல், பொறுமை. பாறை முகத்தைச் சமமாக்கி, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோட்டின் மேல் ஆழமாக வெட்டிக்கொண்டு, நடுவில் நிற்கும் துண்டை உடைத்து எடுப்பார்கள். பிறகு அடுத்த அடுக்கு. மேலிருந்து கீழாக, முன்னாலிருந்து உள்ளே. முடிக்காமல் விட்ட குடைவரைகளில் இந்தக் கட்டங்கள் இன்னும் அப்படியே தெரியும். கட்டடத்தில் கல் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம், இங்கே தூணின் மூக்கு உடைந்தால் உடைந்ததுதான். மகாராஷ்டிரத்துக் குகைகளின் பாறை எரிமலைக் குழம்பு உறைந்தது, அதையே பெரிய சாதனை என்கிறோம். இங்கே நம் பக்கத்துக் கருங்கல் அதைவிட முரடு, அதனால்தான் நம் குடைவரைகள் அளவில் சிறியவையாக இருக்கின்றன. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் மகேந்திரனே பெருமை அடித்துக்கொண்டிருக்கிறான்: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, இவை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று.

கீழேயும் ஒரு குடைவரை இருக்கிறதாமே?

இருக்கிறது, மலையில் ஏறுகிறவர்கள் கண்ணில் அது படவே படாது. பாறையின் தெற்கடியில், வீடுகளுக்கு நடுவே தெருவுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். "கீழ்க் குடைவரை" என்று கேட்டால் சிலருக்குப் புரியாது, "பழைய குகைக் கோயில்" என்று கேளுங்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலப் பணி. இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கருவறை, ஒன்று சிவனுக்கு, ஒன்று திருமாலுக்கு. பின்சுவரில் வரிசையாகப் பிள்ளையார், முருகன், பிரமன், சூரியன், துர்க்கை. மேலே பல்லவன் ஒரே சுவரில் எல்லாவற்றையும் கொட்டினான், கீழே பாண்டியன் ஆளுக்கொரு இடம் ஒதுக்கி ஒழுங்காக நிறுத்தியிருக்கிறான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

கூட்டமே இருக்காது. நான் போன ஒரு தடவை வாசலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், பந்து உள்ளே உருண்டு வந்தது, ஒருவன் வந்து "சார், பின்னாடி பிள்ளையார் இருக்கார், பார்த்தீங்களா?" என்று பெருமையாகக் காட்டிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போனான். மலையில் எனக்குக் கிடைத்த நல்ல வழிகாட்டி அவன்தான்.

சமணர் படுக்கை பார்க்க முடியுமா?

உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம், பாறை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இடத்தின் அடியில் இருக்கிறது. தலையணை போல் ஒரு பக்கம் உயர்த்தி வெட்டிய கல்படுக்கைகள், அருகே பழைய எழுத்துகள். பல்லவன் வருவதற்கு முன்பே இந்த மலையில் துறவிகள் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இடம் சரிவு, ஒரு அடி தவறினால் பேச்சே இல்லை. அங்கே உள்ள ஊழியர்களைக் கேட்டு, விட்டால் போங்கள், விடாவிட்டால் திரும்பிவிடுங்கள். கம்பியைத் தாண்டிக் குதிக்கும் வீரம் வேண்டாம்.

ஊர்ப் பெயர் திரிசிரன் என்ற அசுரனால் வந்ததா?

தலபுராணம் அப்படிச் சொல்கிறது, மூன்று தலை அசுரன் இங்கே சிவனை வழிபட்டான் என்று. ஆய்வாளர்கள் பக்கம் வேறு கதை. படுக்கைக்குப் பக்கத்தில் உள்ள பழைய எழுத்தில் 'சிரா' என்று ஒரு பெயர் படித்திருக்கிறார்கள். பள்ளி என்பது சமணத் துறவிகள் தங்கும் இடம். சிரா என்ற துறவியின் பள்ளி, சிராப்பள்ளி, மரியாதைக்கு முன்னால் ஒரு 'திரு'. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தேவாரத்தில் சிராப்பள்ளிக் குன்று என்றுதான் பாடுகிறார். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, முதலாவதைக் குழந்தைகளுக்குச் சொல்வதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சிவனுக்கு ஏன் தாயுமானவர் என்று பெயர்?

இந்தக் கதையை அறியாத திருச்சிக்காரர் இல்லை. ரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து அம்மா கிளம்பி வருகிறாள், காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். இங்கே இவளுக்கு வலி வந்துவிட்டது. சிவனே அம்மா உருவத்தில் வந்து பிரசவம் பார்த்து, பத்தியச் சாப்பாடு போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, எல்லாம் செய்துகொண்டிருக்கும்போது வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வாசலில் வந்து நிற்கிறாள். இரண்டு அம்மா! மகள் திகைத்துப் பார்ப்பதற்குள் ஒருத்தி மறைந்துவிட்டாள்.

சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இதை நிகழ்ச்சியாகவே நடத்துவார்கள், கர்ப்பிணிகள் கூட்டம் அலைமோதும். சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் கொண்டுவந்து படைப்பதாக வேண்டிக்கொள்வது வழக்கம். பிரகாரத்தில் தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு யாராவது அப்பா வேகமாக வருகிறார் என்றால் வீட்டில் நல்ல செய்தி என்று அர்த்தம்.

சன்னதி மேற்கு பார்த்திருப்பதற்கும் ஒரு கதை உண்டு. சாரமா முனிவர் வளர்த்த செவ்வந்திப் பூக்களைத் திருடி அரண்மனைக்குக் கொடுத்தவனை உறையூர் அரசன் தண்டிக்காமல் விட்டான். சிவன் கோபத்தில் உறையூர் இருக்கும் மேற்குத் திசைக்குத் திரும்பி மண்மாரி பொழிய வைத்தார். கொடிமரம் மட்டும் பழைய திசையிலேயே, அதாவது சுவாமிக்குப் பின்பக்கம் நின்றுவிட்டது. போனால் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். உறையூர் வெக்காளியம்மன் கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் இருப்பதும் அந்த மண்மாரிக் கதையோடு சேர்ந்ததுதான்.

பாட்டுப் பாடிய தாயுமானவர் வேறு, அவர் பதினெட்டாம் நூற்றாண்டு. இந்தச் சுவாமியின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள்.

உச்சிப் பிள்ளையார் நெற்றியில் தழும்பு இருப்பது உண்மையா?

இருக்கிறது என்பார்கள், அலங்காரம் இல்லாத நேரத்தில்தான் தெரியும். ராமர் கொடுத்த ரங்கநாதரை விபீஷணன் இலங்கைக்கு எடுத்துப்போகும் வழியில் காவிரியில் குளிக்க இறங்கினான், மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த பிள்ளையாரிடம் சுவாமியைக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னான், பையன் கீழே வைத்துவிட்டான். வைத்த இடத்தில் ரங்கநாதர் நிலைத்துவிட்டார். விபீஷணன் துரத்த, பையன் ஓடி இந்த உச்சியில் ஏற, பிடித்து நெற்றியில் ஒரு குட்டு. மேலே நின்று வடக்கே பார்த்தால் கதை முழுவதும் கண் முன்னால் விரியும். அதோ காவிரி, அதற்கு அந்தப்பக்கம் தீவு, தீவில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். 1987இல் கட்டி முடித்த அந்த 236 அடி கோபுரம் இங்கிருந்து பார்க்க விரல் நுனி அளவுதான். வலது பக்கம் திருவானைக்காவல் தென்னந்தோப்பு, தீவுக்கு அப்பால் கொள்ளிடம், தென்கிழக்கே திரும்பினால் பொன்மலை.

இமயமலையை விடப் பழைய பாறையாமே?

ஆமாம், சந்தேகம் வேண்டாம். இமயமலை உருவாகத் தொடங்கி சுமார் 5 கோடி வருடம்தான், தென்னிந்தியப் பாறைகளுக்கு முன்னால் அது கைக்குழந்தை. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் துல்லியமான எண்களை நம்பி மேலே நின்று மாமனாரிடம் அடித்துவிடாதீர்கள்.

விநாயகர் சதுர்த்திக்கு வரலாமா?

கூட்டம் பிடிக்கும் என்றால் தாராளமாக. அன்றைக்கு மொத்தம் 150 கிலோ கொழுக்கட்டை, அடிவார மாணிக்க விநாயகருக்கு 75, உச்சிப் பிள்ளையாருக்கு 75. துணியில் கட்டித் தொட்டில் மாதிரி கம்பில் தொங்கவிட்டு ஆட்கள் தோளில் சுமந்து படியேறுவதைப் பார்க்கலாம். குடைவரையை நின்று பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பதினான்கு நாள் திருவிழாவை விட்டுவிடுங்கள், நிற்கவே விடமாட்டார்கள்.

போட்டோ, உடை, மற்ற மதத்தவர்?

சன்னதிக்குள் போட்டோ கூடாது, மற்ற இடத்தில் எடுக்கலாம், கேமராவுக்குத் தனியாகச் சீட்டு வாங்கச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். குடைவரைக்குள் ஃபிளாஷ் போடாதீர்கள், சிற்பமும் தட்டையாக விழும். உடைக்குப் பெரிய கெடுபிடி இல்லை, அரைக்கால் சட்டையைத் தவிருங்கள். கருவறைப் பகுதிக்கு மற்ற மதத்தவருக்கு அனுமதி இல்லை என்ற பலகை இருக்கும், வெளிநாட்டு நண்பர்களைக் கூட்டிவந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்துத் தர்மசங்கடம் ஆகும். படிகள், காட்சி, பல்லவர் குடைவரை எல்லாம் அவர்களும் பார்க்கலாம்.

சரி, குடைவரை பிடித்துவிட்டது. பக்கத்தில் வேறு எங்கே?

புதுக்கோட்டைப் பக்கம் போங்கள், ஒரு நாள் போதாது. நார்த்தாமலையில் குடைவரைகளும் எதிரே விஜயாலய சோழீச்சரமும், சித்தன்னவாசலில் தாமரைக் குள ஓவியமும் ஏழடிப்பாட்டத்துச் சமணர் படுக்கையும், குடுமியான்மலையில் சங்கீதக் கல்வெட்டும், திருமயத்தில் ஒரே பாறையில் சிவனும் பெருமாளும். காலையில் சீக்கிரம் கிளம்பி, சித்தன்னவாசலை வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள், ஏழடிப்பாட்டம் போகும் வழியில் பாறையில் வெட்டிய ஏழு கால்தடப் பள்ளம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் காலைச் சரியாக வைத்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், அங்கே மேலே கடை கிடையாது.